சட்டசபைக்கு வந்த டாக்டர் அம்மையார்

புதுக்கோட்டையில் பிறந்து, பொட்டுக்கட்டு முறையை ஒழிக்கப் போராடி, அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தந்த முத்துலட்சுமி ரெட்டி

அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டிராத தமிழர் பெங்களூரில் இருக்க முடியாது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் எத்தனையோ குடும்பங்கள், வீட்டில் ஒருவருக்கு அந்த நோய் என்று தெரிந்தவுடன் கையில் இருந்ததை அடகு வைத்துவிட்டு சென்னைக்கு ரயில் ஏறியிருக்கின்றன. பெங்களூரில் கித்வாய் ஆஸ்பத்திரி 1973-ம் ஆண்டில்தான் வந்தது. அடையாறு ஆஸ்பத்திரி அதற்கு 19 ஆண்டுகள் மூத்தது.

அதைத் தொடங்கியவர் ஒரு பெண் டாக்டர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆஸ்பத்திரி திறப்பதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே, சென்னை மாகாண சட்டசபையின் துணைத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண்ணும் அவரே.

வைத்தியத் தொழிலில் இருந்து அரசியலுக்கு வந்தவர்கள் நம் நாட்டில் பலர் உண்டு. நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் டி.எம். நாயர், நடேச முதலியார் இருவருமே டாக்டர்கள். வேதாரண்யம் உப்பு யாத்திரை 1930-ல் திருச்சியில் டாக்டர் ராஜன் வீட்டில் இருந்துதான் புறப்பட்டது. மேற்கு வங்காளத்தின் முதல்வராக 14 ஆண்டுகள் இருந்த பி.சி. ராய், பதவியில் இருந்தபோதும் தினமும் காலையில் ஏழை நோயாளிகளைக் காசு வாங்காமல் பார்த்தவர். ஆனால் இவர்கள் எல்லோரும் ஆண்கள். கல்லூரிக்குப் போவதற்கே ராஜாவின் உத்தரவு தேவைப்பட்ட ஒரு பெண் சட்டசபை வரை வந்தது வேறு விஷயம்.

நாராயணசாமி ஐயரின் மகள்

முத்துலட்சுமி 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் பணியாற்றிய கல்விமான். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர். பிராமணர் ஒருவர் அந்தக் குலத்துப் பெண்ணை மனைவியாக ஏற்றுக் குடும்பம் நடத்தியதை அவரது உறவினர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. ஐயரை ஒதுக்கி வைத்தார்கள். அவர் அதற்காக மனைவியையும் விடவில்லை, மக்களின் படிப்பையும் விடவில்லை.

(நடிகர் ஜெமினி கணேசனும் இந்தப் புதுக்கோட்டைக் குடும்பத்துப் பிள்ளைதான். முத்துலட்சுமி அவருக்கு அத்தை முறை.)

சந்திரம்மாள் பிறந்த குலத்தில் பெண் குழந்தையைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் இருந்தது. அந்தக் குழந்தைக்குப் பிறகு கல்யாணம் கிடையாது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் ஆதரவில் வாழ வேண்டியதுதான். ஆட்டமும் பாட்டும் கற்றவர்கள், சொத்து சுகம் உள்ளவர்கள் என்று சிலர் தலை நிமிர்ந்து இருந்தார்கள். ஆனால் அந்த வீடுகளில் பிறந்த சிறுமிகளிடம் விருப்பம் கேட்டவர் யாரும் இல்லை. பின்னாளில் சட்டசபையில் அம்மையார் பேசியது புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. தாய்வழி உறவில் கண்ணால் கண்டது.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

பருவம் அடைந்தவுடன் பள்ளிக்கூடத்தில் இருந்து பெண்ணை நிறுத்துவதுதான் அன்றைய வழக்கம். முத்துலட்சுமியும் நின்றார். வீட்டிலேயே படித்து, 1902-ல் மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதித் தேறினார். மெட்ரிகுலேஷன் என்றால் அந்த நாளில் சாதாரணம் இல்லை. அது ஒன்று கையில் இருந்தால் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலைக்குக் கதவு திறக்கும். ஆண் பிள்ளைகளே தேற முடியாமல் திரும்பத் திரும்ப எழுதிய பரீட்சை அது.

அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்த ஒரே கல்லூரி ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரி. பெண் ஒருத்தி மனுப் போட்டதும் ஊர் கொந்தளித்தது. பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள், நாங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொள்வோம் என்று சிலர் மிரட்டினார்கள். தாயின் குலத்தைச் சொல்லியும் பேசினார்கள்.

விஷயம் ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானிடம் போயிற்று. இவர் பின்னாளில் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்து பெரிய வம்புக்கு ஆளானவர். ஊர் வழக்கத்தைக் கண்டு பயப்படும் ஆள் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டார். முத்துலட்சுமி 1904-ல் கல்லூரியில் சேர்ந்தார். மூடிய வண்டியில் போய் இறங்கி, வகுப்பில் மாணவர்களுக்கும் தமக்கும் நடுவே தொங்கவிட்ட திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பாடம் கேட்டார். பாடம் மட்டும் திரையைத் தாண்டி வந்தது, போதும் என்று படித்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்போது புதுக்கோட்டைக்கு ரயில் கிடையாது. ரயில் வந்தது 1929-ல்தான். திருச்சி வரை 33 மைலும் வண்டியில் போய், அங்கிருந்து ரயில் பிடித்துச் சென்னைக்குப் போக வேண்டும். ஆஸ்துமாவோடு அவதிப்பட்ட பெண்ணைத் தந்தையே சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

வெள்ளைக்காரப் பெண்கள் சிலர் 1870-களிலேயே அந்தக் கல்லூரியில் படித்ததுண்டு. ஆனால் இந்து வீட்டுப் பெண் ஒருத்தி ஆண்களோடு சேர்ந்து உடற்கூறு படிப்பதும் அறுவைச் சிகிச்சை படிப்பதும் சென்னைக்குப் புதிது. முத்துலட்சுமி பரிசுகளும் பதக்கங்களும் வாங்கி 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் அவர்தான்.

கல்யாணத்துக்கு நிபந்தனை

கல்யாணம் வேண்டாம் என்றுதான் இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் படிப்பு அடுப்படியில் முடிந்து போவதை அவர் எத்தனையோ வீடுகளில் பார்த்திருந்தார். டாக்டர் சுந்தர ரெட்டி பெண் கேட்டு வந்தபோது ஒரு நிபந்தனை வைத்தார். தம்மைச் சரிசமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். 1914-ல் பதிவுத் திருமணம் நடந்தது. கொடுத்த வாக்கை அவர் கடைசி வரை காப்பாற்றினார் என்பதையும் சொல்ல வேண்டும். மனைவி சீமைக்குப் போனபோதும் சட்டசபைக்குப் போனபோதும் துணை நின்றவர் அவர். இந்த மாதிரி மனிதர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

தங்கையின் மரணம்

1923-ல் அம்மையாரின் தங்கை சுந்தராம்பாள் இறந்தார். முதலில் சீதபேதி என்று சொல்லி அதற்கு மருந்து கொடுத்தார்கள். புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்காள் டாக்டர். அத்தான் டாக்டர். சென்னை நகரத்தின் பெரிய டாக்டர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கச் சென்னையில் அப்போது வழி இல்லை.

இந்த மரணத்தை அம்மையார் மறக்கவே இல்லை. 1925-ல் அரசாங்க உதவியோடு லண்டனுக்குப் போய்ப் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தார். புற்றுநோய்ச் சிகிச்சை அங்கே எப்படி நடக்கிறது என்றும் பார்த்துக்கொண்டு வந்தார். 1926-ல் பாரிசில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் பேசினார்.

ஏகமனதாகத் துணைத் தலைவர்

சென்னை மாகாணம் 1921-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்துவிட்டது. இந்தியாவிலேயே முதல் மாகாணம் அதுதான். ஆனால் ஓட்டுப் போடலாம், உறுப்பினர் ஆக முடியாது. அந்தத் தடை 1926-ல் நீங்கியது. அந்தத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாயா மங்களூர்க்காரர். அப்போது மங்களூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. கமலாதேவி சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்.

தேர்தலில் பெண் வெல்லவில்லை என்றதும், ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று இந்திய மாதர் சங்கம் கேட்டது. அது 1917-ல் அடையாற்றில் தொடங்கப்பட்ட சங்கம். அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் முதலியவர்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் சொன்ன பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அம்மையார் முதலில் தயங்கினார். நோயாளிகளை விட்டுவிட்டு அரசியல் எதற்கு என்பது அவர் எண்ணம். மாதர் சங்கத்துப் பெண்கள் விடவில்லை. உறுப்பினராக வந்து உட்கார்ந்த உடனே சபை ஏகமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. கல்லூரியில் திரைக்குப் பின்னால் உட்கார்த்தி வைக்கப்பட்டவர், 1927-ல் சபையை நடத்தும் இடத்துக்கு வந்தார்.

அப்போது முதல் மந்திரி டாக்டர் சுப்பராயன். அவர் மருந்து கொடுக்கும் டாக்டர் இல்லை, சட்டம் படித்து டாக்டர் பட்டம் பெற்றவர். சபையில் இருந்த வைத்தியர் என்ன கேட்டார் என்பதைப் பார்த்தால், பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்டதைத்தான் கேட்டார் என்று தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும். குழந்தைகளுக்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும். பெண்ணின் கல்யாண வயதை உயர்த்த வேண்டும். பிரசவ வார்டில் பதின்மூன்று, பதினான்கு வயதுத் தாய்மார்களைப் பார்த்தவருக்கு இந்தக் கடைசி விஷயத்தில் யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணுக்கு 14 வயது என்று விதித்த சாரதா சட்டம் 1929-ல் டில்லியில் நிறைவேறியது. 14 போதாது, 16 ஆவது வேண்டும் என்பது அம்மையாரின் கட்சி.

நிலத்தைப் பிடித்த சட்டம்

அவர் பெயரை ஊர் ஊராகக் கொண்டு போனது பொட்டுக்கட்டு ஒழிப்பு. 1927 நவம்பரில், கோயில்களுக்குப் பெண் குழந்தைகளை அர்ப்பணிக்கும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தார். சபை ஏற்றது.

தீர்மானம் போட்டு என்ன பயன்? வழக்கம் நிற்காமல் இருந்ததற்கு முக்கியமான ஒரு காரணம் நிலம். கோயிலில் ஆட, பாட, ஆரத்தி எடுக்க என்று தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. ஊழியம் செய்கிறவரை நிலம். ஊழியம் செய்ய அடுத்த தலைமுறையில் பெண் இல்லை என்றால் நிலம் கை மாறிவிடும். வயிற்றுப் பிழைப்பு போய்விடுமே என்று பயந்தே தாய்மார்கள் மகளுக்குப் பொட்டுக் கட்டினார்கள். பெண் பிறக்கவில்லை என்றால் தத்து எடுத்துக் கட்டினார்கள். குழந்தை கழுத்தில் ஏறும் பொட்டுக்கும் பட்டாவுக்கும் இப்படி ஒரு முடிச்சு.

அம்மையார் முதலில் அந்த முடிச்சை அவிழ்த்தார். 1929-ல் அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டு வந்த திருத்தம் நிறைவேறியது. கோயில் ஊழியம் செய்தாலும் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே சொந்தம் என்று ஆயிற்று. மேடையில் கண்டித்துப் பேசியவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அந்தப் பெண்கள் நாளைக்கு எதைச் சாப்பிடுவார்கள் என்று கணக்குப் பார்த்துச் சட்டம் எழுதியவர்கள் சிலரே.

பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை அடுத்து 1930-ன் தொடக்கத்தில் கொண்டு வந்தார். இங்கேதான் பெரிய எதிர்ப்பு. காங்கிரசின் சிறந்த பேச்சாளர் சத்தியமூர்த்தி இதை ஏற்கவில்லை. சாஸ்திரம், கோயில் மரபு, கலை எல்லாம் போய்விடும் என்பது அந்தத் தரப்பின் வாதம். பெரியார் ஈ.வெ.ரா. அம்மையாரை ஆதரித்தார். அந்தக் குலத்திலேயே பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தார்.

எதிர்த்து நின்ற பெங்களூர் நாகரத்தினம்மாள்

எதிர்த்தவர்களில் ஒருவர் பெயரை நம் ஊர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது அவசியம். பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-ல் மைசூர் சீமையின் நஞ்சன்கூட்டில் பிறந்து, பெங்களூர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு, சென்னையில் வாழ்ந்து பெரும் புகழ் பெற்ற பாடகி. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி புதர் மண்டிக் கிடந்தபோது, தம் கைப்பணத்தைப் போட்டு நிலம் வாங்கிக் கோயில் எழுப்பியவர். குடமுழுக்கு 1926-ல் நடந்தது. அங்கே ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று வித்துவான்கள் தடுத்தபோது, பெண்களைச் சேர்த்துத் தனியாகவே ஆராதனை நடத்திக் காட்டியவர். முத்துப்பழனி என்ற பழைய தஞ்சாவூர்ப் பெண் புலவரின் தெலுங்குக் காவியத்தைப் பதிப்பித்து, அது ஆபாசம் என்று வெள்ளைக்கார அரசாங்கம் தடை போட்ட பிறகும் பின்வாங்காதவர்.

நாகரத்தினம்மாளும் அவரைச் சேர்ந்த பெண்களும் தேவதாசிகள் சங்கம் அமைத்து அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள். எங்களையும் விலைமாதர்களையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். நாங்கள் கலையும் சமயமும் காத்த குலம். எங்களுக்குச் சொத்துரிமை உண்டு. குறை இருந்தால் கல்வி கொடுத்துத் திருத்துங்கள், சட்டம் போட்டு அவமானப்படுத்தாதீர்கள். மனுவின் சாரம் இது.

யார் பக்கம் நியாயம்? ஏழு வயது, எட்டு வயதுக் குழந்தைக்குப் பொட்டுக் கட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. அந்த விஷயத்தில் முத்துலட்சுமி அம்மையார் சொன்னதே சரி. ஆனால் வளர்ந்து, கற்று, பாடிச் சம்பாதித்து, தம் பெயரில் சொத்து வைத்திருந்த பெண்கள் கேட்டதிலும் விஷயம் இருந்தது. தங்களைப் பற்றிச் சட்டம் எழுதுகிறவர்கள் தங்களைக் கேட்கவில்லை என்றார்கள். அந்தச் சண்டை ஓய்ந்த பிறகு சதிர் ஆட்டம் பரதநாட்டியம் என்று பெயர் மாறி, மேல்சாதி வீட்டுப் பெண்களின் அரங்கேற்றமாயிற்று. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய குடும்பத்துப் பெண்களில் பலர் மேடையில் இல்லாமல் போனார்கள். அந்தக் குறையைச் சட்டம் கொண்டு வந்தவர் மேல் மட்டும் போடுவது நியாயம் ஆகாது. ஆனாலும் குறை குறைதான்.

இந்த விஷயத்தில் மைசூர் சமஸ்தானம் சென்னைக்கு முன்னோடி. 1909-லேயே, அரசின் முஸ்ராய் இலாகாவின் கீழ் இருந்த கோயில்களில் தேவதாசி ஊழியத்தை மைசூர் அரசு நிறுத்திவிட்டது. மைசூரால் முடிந்தது சென்னையால் முடியாதா என்று கேட்க அம்மையாருக்கு இது உதவியது. நாகரத்தினம்மாள் பிறந்த சீமையின் உத்தரவே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது விசித்திரம்தான்.

பதவி போனது, கதவு தட்டப்பட்டது

மசோதா நிறைவேறுவதைப் பார்க்க அம்மையார் சபையில் இல்லை. 1930 மே 5-ந் தேதி, உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்திஜி கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து அம்மையார் ராஜினாமா செய்தார். நியமன உறுப்பினர், துணைத் தலைவர், கையில் பாதியில் நிற்கும் மசோதா. இன்னும் கொஞ்ச நாள் இருந்து அதை முடித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அன்றைய நிலையில் அவரைப் போன்றவர்கள் வெள்ளைக்காரன் நியமித்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது என்பதும் உண்மை. மசோதா அப்படியே கிடந்தது. நாடு விடுதலை அடைந்த பிறகு, 1947 அக்டோபரில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோதுதான் அது சட்டமானது. நடுவே 17 ஆண்டுகள். இதற்குள் பம்பாய் மாகாணம் 1934-ல் தனிச் சட்டம் கொண்டு வந்துவிட்டது. நம் கர்நாடகத்தில் முழு மாநிலத்துக்கும் சேர்த்துப் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் வந்தது 1982-ல். வடக்கே சவுந்தத்தி எல்லம்மா கோயிலைச் சுற்றி அந்த வழக்கம் அதுவரையும் நடந்தது, அதற்குப் பிறகும் ஒளிவு மறைவாக நடந்தது.

சட்டம் பேசியவரின் வீட்டுக் கதவை அந்தப் பெண்களே வந்து தட்டினார்கள். பொட்டுக்கட்டில் இருந்து தப்பி வந்த இளம் பெண்கள். படிக்க ஆசை. ஆனால் தாசி வீட்டுப் பெண் என்று சொல்லி விடுதிகள் சேர்க்க மறுத்தன. அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930-31-ல் இப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். சாதி கேட்காமல், தாய் யார், தகப்பன் யார் என்று கேட்காமல் பெண் குழந்தைகளைச் சேர்த்துப் படிக்க வைத்த இடம். இன்றும் அடையாறு பகுதியில் இருக்கிறது.

12 படுக்கையில் தொடங்கியது

புற்றுநோய் ஆஸ்பத்திரி வேண்டும் என்று அம்மையார் 1930-களில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். அரசாங்கத்துக்கு அக்கறை இல்லை. இந்த நோய் வந்தால் மக்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், தனி ஆஸ்பத்திரி எதற்கு என்று பொறுப்பில் இருந்தவர்களே கேட்டதாக, அந்த ஆஸ்பத்திரியின் தலைவராக இருந்த டாக்டர் சாந்தா பின்னாளில் சொல்வதுண்டு. அம்மையார் மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டத் தொடங்கினார். அறுபது வயதைத் தாண்டிய பிறகு வீடு வீடாக, கம்பெனி கம்பெனியாகப் போய்க் கேட்பது சுலபம் இல்லை. ஒரு ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர். அவரை இந்த வேலைக்கென்றே தயார் செய்தார்.

1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந் தேதி அடையாற்றில் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. படுக்கைகள் பன்னிரண்டு. கட்டடம் சிறியது. சம்பளம் கொடுக்கவும் பணம் போதாது. மறு ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். பெங்களூரில் வாழ்ந்து மறைந்த விஞ்ஞானி சர் சி.வி. ராமனின் உறவுக்காரப் பெண் அவர். அரசாங்க ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்திருந்தும், அதை விட்டுவிட்டு இந்தச் சின்ன இடத்துக்கு வந்ததை அந்தக் காலத்தில் பலர் பைத்தியக்காரத்தனம் என்றார்கள்.

பணம் உள்ளவர்கள் கட்டணம் கட்டலாம், இல்லாதவர்களுக்கு இலவசம் அல்லது சலுகை என்ற முறையில் ஆஸ்பத்திரி நடந்தது. பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதே தொடங்கியவர்களின் கொள்கை. தமிழ்நாட்டில் இருந்து மட்டும் அல்ல, கர்நாடகம், ஆந்திரம், கேரளத்தில் இருந்தும் நோயாளிகள் வந்தார்கள்.

1956-ல் மத்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தது. 1968 ஜூலை 22-ந் தேதி, 82 வயது நிறைவதற்கு எட்டு நாள் இருக்கும்போது காலமானார்.

ஊருக்குப் போய் வரும் நம்மவர்களுக்கு அவர் பெயர் இன்னொரு வகையிலும் பழக்கம். தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்கு அரசு கொடுக்கும் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. 2011-ல் 12,000 ரூபாயாக இருந்த உதவி 2018-ல் 18,000 ரூபாய் ஆயிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனு எழுதித் தருகிறவர்கள், 'முத்துலட்சுமி பணம்' என்று சொன்னால் போதும், புரிந்துகொள்கிறார்கள். அம்மையார் பிறந்த ஜூலை 30-ந் தேதியை மருத்துவமனை தினமாகக் கொண்டாடத் தமிழக அரசு 2019-ல் முடிவு செய்தது.

அடையாற்றில் 12 படுக்கைகள் சில நூறாகப் பெருகின. கிருஷ்ணமூர்த்தி தம் காலம் முழுவதையும் அதற்கே கொடுத்தார். அவருக்குப் பின் பொறுப்பை ஏற்ற டாக்டர் சாந்தா, 2005-ல் மகசேசே விருதும் 2016-ல் பத்ம விபூஷண் விருதும் பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனி வீடு கட்டிக்கொள்ளவும் இல்லை. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஓர் அறையில் தங்கி, 93-வது வயதில், 2021 ஜனவரி 19-ந் தேதி காலமாகும்வரை நோயாளிகளோடு இருந்தார்.